பர்ஜ் ஓடிக்கொண்டே இருக்கிறது, டிடெக்டர் வாயைத் திறக்கவில்லை: லோ பிரஷர் சில்லரில் கசிவு தேடுவது எப்படி?

பிளாண்ட்ரூம்_பையன்:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஷிஃப்ட் பார்க்கிறேன். கட்டடத்து ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் 500 டன் சென்ட்ரிஃபியூகல் சில்லர் இரண்டு, இரண்டிலும் ரெஃப்ரிஜரன்ட் (குளிர்விக்கும் கேஸ்) ஆர்-123. முதல் சில்லரின் பர்ஜ் யூனிட் கோடையில் நாளைக்குப் பத்து நிமிடம்தான் காற்றை வெளியே தள்ளும். ஐப்பசி மழைக்குப் பிறகு அது ஏறிக்கொண்டே போய் இப்போது நாளைக்கு இரண்டரை மணி நேரம். கண்டென்சர் (ஆவி திரவமாகும் பகுதி) அழுத்தமும் லேசாகக் கூடியிருக்கிறது. சர்வீஸ் ஆட்கள் வந்து, ஓடும் இயந்திரத்தைச் சுற்றி எலக்ட்ரானிக் டிடெக்டரைக் காட்டிவிட்டு "லீக் இல்லை, கேஸ் குறைந்திருக்கிறது, டாப்-அப் பண்ணலாம்" என்று கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். லீக் இல்லாமல் கேஸ் எப்படிக் குறையும் என்று கேட்டால் பதில் இல்லை. அறையில் இருக்கும் சென்சாரும் ஒருமுறைகூட அலாரம் அடிக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பழைய_ஃபிட்டர்:
தம்பி, ஓடுகிற லோ பிரஷர் இயந்திரத்தில் டிடெக்டர் காட்டுவது, கிணற்றுக்குள் விழுந்த வாளியை மாடியில் தேடுவது மாதிரி. எவாப்பரேட்டர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் பகுதி, முழுக்க வேக்கத்தில் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில்) இருக்கிறது. ஓட்டை அங்கே இருந்தால் கேஸ் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். டிடெக்டருக்கு மோப்பம் பிடிக்க என்ன இருக்கிறது? சோப்பு நுரையும் அப்படித்தான். குமிழி வராது, நுரையையே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு சைட்டில் ஷேவிங் ஃபோம் தடவி எங்கே குழி விழுகிறது என்று பார்த்தார்கள். குழி விழுந்தது, நுரையில் இருந்த தண்ணீரும் உள்ளே போனது. அந்த வேலையெல்லாம் வேண்டாம்.

கசிவை முதலில் சொல்வது உன் பர்ஜ்தான். பத்து நிமிடம் இரண்டரை மணி நேரம் ஆனது என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அளவுமானி:
பழைய ஃபிட்டர் ஐயா சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன். ஆர்-123 சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிப்பது 27.8 டிகிரியில். எவாப்பரேட்டரில் 5 டிகிரி என்றால் உள்ளே சுமார் 41 கிலோபாஸ்கல்தான் இருக்கும், வெளியே 101. கண்டென்சரில் 35 டிகிரியில் சுமார் 131. ஆக ஒரே இயந்திரத்தில் ஒரு பாதி உள்ளே உறிஞ்சுகிறது, இன்னொரு பாதி வெளியே ஊதுகிறது. பழைய ஆர்-11 இயந்திரங்களும் இப்படித்தான், அதன் கொதிநிலை 24 டிகிரிக்குச் சற்றுக் கீழே. இப்போது புதிதாக வரும் ஆர்-1233zடி 18 டிகிரி அருகே கொதிக்கும். அதிலும் எவாப்பரேட்டர் வேக்கத்தில்தான் ஓடும்.

உள்ளே போகும் காற்று கண்டென்சரின் மேல்பகுதியில் போய்த் தேங்கும், ஏனென்றால் அது திரவமாகாது. பர்ஜ் அந்த இடத்திலிருந்து ஆவியை இழுத்து, குளிர்ந்த காயிலில் ரெஃப்ரிஜரன்ட்டை மட்டும் திரவமாக்கித் திருப்பி அனுப்பிவிட்டு, மிஞ்சும் காற்றை வெளியேற்றுகிறது. பர்ஜ் எவ்வளவு நேரம் தள்ளுகிறதோ அதுதான் உங்கள் கசிவின் கணக்குப் புத்தகம்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பர்ஜை ஒரு நாள் நிறுத்திவிட்டு, கண்டென்சரை விட்டு வெளியேறும் திரவத்தின் வெப்பநிலையையும் கண்டென்சர் கேஜையும் ஒரே நேரத்தில் குறியுங்கள். கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் உள்ள அழுத்தத்தை மட்டும்; 36 டிகிரி என்றால் அது சுமார் 34 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டுவதெல்லாம் காற்று.

பிளாண்ட்ரூம்_பையன்:
பார்த்துவிட்டேன். 36 டிகிரியில் கேஜ் 44. இரண்டாவது சில்லரில் அதே வெப்பநிலையில் 35. காற்று போகிறது என்பது உறுதி. இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்: பர்ஜில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றும்போது அது நன்றாக ஈரமாக இருந்தது. மாற்றிப் பத்து நாளில் ஈரம்காட்டிக் கண்ணாடியில் நிறம் மறுபடியும் மாறிவிட்டது.

டவர்_தண்ணீர்:
ஈரம் என்றால் எவாப்பரேட்டருக்குள் தண்ணீர் ஓடும் டியூப்பில் லீக்தான். சில்டு வாட்டர் லைனில் மூன்று நான்கு பார் அழுத்தம், எவாப்பரேட்டரில் வேக்கம். ஊசித் துளை போதும், தண்ணீர் உள்ளே பாயும். உடனே நிறுத்துங்கள். ஆர்-123-உடன் தண்ணீர் சேர்ந்தால் அமிலம் உருவாகும், மோட்டார் சுருள், பேரிங் எல்லாம் போய்விடும்.

பழைய_ஃபிட்டர்:
டியூப் லீக்காக இருந்தால் பத்து நாளில் டிரையர் ஈரமாவதோடு நிற்காது, பர்ஜில் தண்ணீராகவே பிடிக்கலாம். காற்றோடு வரும் ஈரமே மழைக்காலத்தில் கொஞ்ச நஞ்சமா? ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. சில்லரை நிறுத்து, எவாப்பரேட்டரின் இரண்டு பக்க வால்வையும் மூடு, டியூப்களின் முனையில் இருக்கும் வாட்டர் பாக்ஸைக் காலி செய். டிரெயின் வால்வுக்குள் டிடெக்டர் முனையை விடு. இயந்திரத்தில் நேர் அழுத்தம் இருக்கும்போது மட்டும் இதைச் செய், இல்லையென்றால் முன்பு சொன்ன கதைதான். முனையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள், டிடெக்டர் விலை தெரியும்தானே.

கல்ஃப்_ரிட்டர்ன்:
நேர் அழுத்தம் கொண்டு வருவதில்தான் ஆட்கள் தப்புச் செய்வார்கள். தோஹாவில் ஒரு சைட்டில் என் கண் முன்னால் நடந்தது. நைட்ரஜன் சிலிண்டரை மாட்டி, ரெகுலேட்டரைச் சரியாக வைக்காமல் திறந்துவிட்டார்கள். அழுத்தம் மீறினால் உடைந்து வழிவிடும் ரப்ச்சர் டிஸ்க் வெடித்து, உள்ளே இருந்ததில் பெரும் பங்கு மாடி வழியாகப் போய்விட்டது. இந்த வகை இயந்திரங்களில் டிஸ்க் உடையும் அழுத்தம் 15 பிஎஸ்ஐ (ஒரு பிஎஸ்ஐ சுமார் 7 கிலோபாஸ்கல்). கசிவுச் சோதனைக்கு 10 பிஎஸ்ஐக்கு மேல் போகவே கூடாது. வீட்டு ஏசிக்கு நைட்ரஜன் அடித்துப் பழகிய கை இதில் வேலை செய்யக் கூடாது.

இன்னொரு சிக்கல்: நைட்ரஜன் திரவமாகாத வாயு. சோதனை முடிந்ததும் அத்தனையையும் பர்ஜ்தான் வெளியேற்ற வேண்டும், வெளியேறும்போது ரெஃப்ரிஜரன்ட்டையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகும். உள்ளே கேஸ் நிறைந்திருக்கும்போது நைட்ரஜன் தேவையே இல்லை. சூடு போதும்.

வீட்டு_ஏசி:
குறுக்கே வருகிறேன். எங்கள் வீட்டு ஸ்ப்ளிட் ஏசியும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டியிருக்கிறது. இந்த முறைகள் எதற்காவது ஆகுமா?

அளவுமானி:
உங்களுக்கு வேலை சுலபம். ஆர்-32 ஏசி நிறுத்தியிருந்தாலும் 35 டிகிரியில் உள்ளே ஏறக்குறைய 21 பார் கேஜ் அழுத்தம். சோப்புத் தண்ணீரே போதும். ஃபிளேர் நட்டிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் போடுகிறவரை மறுபடி கூப்பிடாதீர்கள்.

பிளாண்ட்ரூம்_பையன்:
சூடு என்றால் எப்படி? எங்களிடம் ஹீட்டர் எதுவும் இல்லை.

பழைய_ஃபிட்டர்:
மே மாதம் என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். சனிக்கிழமை மதியம் நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை விடியற்காலை போய் நிற்பேன். பிளாண்ட் ரூம் 35 டிகிரி இருக்கும், ஷெல்லும் உள்ளே இருக்கும் தண்ணீரும் அந்தச் சூட்டுக்கு வந்திருக்கும். இயந்திரம் தானாகவே நான்கு பிஎஸ்ஐ காட்டும். என் வாழ்நாளில் பாதிக் கசிவுகளைத் திங்கட்கிழமை காலையில்தான் பிடித்தேன். வெள்ளைக்காரன் ஊர்ப் புத்தகங்களில் இது இருக்காது, அங்கே நிறுத்திவைத்தாலும் வேக்கம்தான். நம் ஊர்ச் சூட்டில் அதே ஓட்டை பகலில் காற்றைக் குடிக்கும், ஞாயிற்றுக்கிழமை கேஸைத் துப்பும். உன் கேஸ் குறைந்த மர்மம் அதுதான்.

ஆனால் இது மார்கழி. அறையில் 28, 29 இருந்தால் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டித்தான் நிற்கும். இரண்டாவது சில்லர் ஓடுகிறதல்லவா? அதன் கண்டென்சரிலிருந்து வரும் தண்ணீர் 36 டிகிரி. ஒரு ஹோஸ் போட்டு முதல் சில்லரின் எவாப்பரேட்டருக்குள் சுற்றவிடு. ஐந்து பிஎஸ்ஐ கிடைக்கும்.

டவர்_தண்ணீர்:
ஐயா, தப்பாக நினைக்காதீர்கள், அதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். கண்டென்சரில் ஓடுவது கூலிங் டவர் தண்ணீர், திறந்த தண்ணீர். சேறு, பாசி, உப்பு எல்லாம் அதில் உண்டு. மூடிய சில்டு வாட்டர் லைனில் அதைக் கலந்துவிட்டால் ஒரு வருடம் நான் உட்கார்ந்து கழுவ வேண்டும்.

பழைய_ஃபிட்டர்:
வால்வை மூடிவிட்டு எவாப்பரேட்டருக்குள் மட்டும்தானே சுற்றுகிறது. முடிந்ததும் காலி செய்து நல்ல தண்ணீர் விட்டு அலசினால் போகிறது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

டவர்_தண்ணீர்:
அந்த வால்வுகள் சொட்டில்லாமல் மூடும் என்று யார் உத்தரவாதம்? மூன்று கிலோவாட் இம்மர்ஷன் ஹீட்டர் இரண்டு, ஒரு டிரம், ஒரு சின்ன பம்ப். வாடகைக்குக் கிடைக்கும்.

பழைய_ஃபிட்டர்:
சரி, அதுவும் ஆகும். நேரம்தான் அதிகம்.

கல்ஃப்_ரிட்டர்ன்:
எதில் சூடாக்கினாலும் கேஜ் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்-123-இல் 43, 44 டிகிரியில் 10 பிஎஸ்ஐ வந்துவிடும். 40-இல் நிறுத்துங்கள். ஷெல்லில் நேரடியாகத் தீ காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் கேட்டுக்கு வெளியே அனுப்புங்கள்.

தேடும்போது எக்சாஸ்ட் ஃபேனை நிறுத்தினால்தான் டிடெக்டருக்கு எதுவும் கிடைக்கும். ஆனால் ஆர்-123 நச்சுத்தன்மை கூடிய வகை. பணியிடத்துக்கு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) என்ற வரம்பைத்தான் நாங்கள் வைத்திருந்தோம். அறை சென்சாரைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள், தனியாகப் போகாதீர்கள். இந்த ஆவி காற்றைவிட ஐந்து மடங்கு கனம். முனையை இணைப்பின் அடிப்பக்கம் காட்டுங்கள், நொடிக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்த்தாதீர்கள்.

(இரண்டு நாள் கழித்து)

பிளாண்ட்ரூம்_பையன்:
டிரம், ஹீட்டர் வழியில் போனோம். எட்டு மணி நேரம் ஆனது. தண்ணீர் 40 டிகிரி, கேஜ் ஏழரை பிஎஸ்ஐ. வாட்டர் பாக்ஸைக் காலி செய்து டிரெயினில் முனையை விட்டோம். இரண்டு பக்கமும் சுத்தம். டியூப் லீக் இல்லை.

அதன் பிறகு சைட் கிளாஸ், வேன் ஷாஃப்ட், ஆயில் சம்ப் கேஸ்கெட், பர்ஜ் லைன் நட்டுகள், மோட்டார் டெர்மினல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எவாப்பரேட்டர் இன்சுலேஷன் தையல் நெடுக டிடெக்டர் கத்திக்கொண்டே இருந்தது. ஷெல்லில்தான் விரிசல் என்று இன்சுலேஷனை அறுக்கப் போனோம்.

பழைய_ஃபிட்டர்:
அறுக்காதே! இரண்டாவது சில்லரின் இன்சுலேஷனில் முனையைக் காட்டிப் பார்.

பிளாண்ட்ரூம்_பையன்:
அதிலும் கத்துகிறது.

பழைய_ஃபிட்டர்:
அவ்வளவுதான். பழைய ஃபோம் இன்சுலேஷனை ஊத வைக்கவே இந்த ஜாதி கேஸைத்தான் போட்டார்கள். அது வருடக் கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும், டிடெக்டருக்கு வித்தியாசம் தெரியாது. புதுப் பெயின்ட், கிளீனிங் சால்வென்ட் எல்லாமே இப்படி ஏமாற்றும். இதை நம்பி ஒரு முழு எவாப்பரேட்டரை உரித்த ஆட்களை எனக்குத் தெரியும். சரி, உரித்ததில் நானும் ஒருவன்.

அளவுமானி:
ஒரு விஷயம் உறுத்துகிறது. ஏழரை பிஎஸ்ஐ அழுத்தத்தில், நாளைக்கு இரண்டரை மணி நேரம் பர்ஜை ஓட வைக்கும் அளவு ஓட்டை இருந்தால், அறையில் கொஞ்சமாவது கேஸ் சேர்ந்திருக்க வேண்டும். அறை சென்சார் என்ன காட்டியது?

பிளாண்ட்ரூம்_பையன்:
பூஜ்யம். முழு நேரமும் பூஜ்யம். சென்சாரைச் சோதனை கேஸ் வைத்துப் பார்த்துவிட்டோம், வேலை செய்கிறது.

அளவுமானி:
அப்படியானால் கேஸ் அறைக்குள் வரவில்லை. வெளியே போக வேறு வழி இருக்கிறது. இயந்திரத்தோடு ஒட்டியிருந்து அறைக்கு வெளியே திறக்கும் குழாய் எது? பர்ஜ் எக்சாஸ்ட் ஒன்று. இன்னொன்று ரப்ச்சர் டிஸ்கின் வென்ட் குழாய்.

கல்ஃப்_ரிட்டர்ன்:
அட, ஆமாம்! டிஸ்கில் மயிரிழை விரிசல் இருந்தால் கேஸ் குழாய்க்குள்தான் போகும். கனமான ஆவி, செங்குத்துக் குழாய்க்குள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி நிற்கும். மொட்டைமாடியில் போய் மோப்பம் பிடித்தாலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். குழாயின் அடியில் தண்ணீர் தேங்குவதற்கான டிரிப் லெக் இருக்கும், அதில் ஒரு வால்வோ பிளக்கோ வைத்திருப்பார்கள். அதைத் திறந்து பாருங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

டவர்_தண்ணீர்:
அந்தக் குழாய்க்கு மேலே மழைத் தொப்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

(மறுநாள்)

பிளாண்ட்ரூம்_பையன்:
பிளக் துருப்பிடித்து இறுகியிருந்தது. கழற்றியதும் முதலில் வந்தது துருத் தண்ணீர், அரை பக்கெட்டுக்கு மேல். அது நின்றதும் டிடெக்டர் முனையைக் காட்டினேன். அலறியது. நல்ல காற்றில் ஆற வைத்து மூன்று முறை பார்த்தேன், மூன்று முறையும் அதேதான்.

மாடியில் குழாய் மேல்நோக்கித் திறந்து கிடக்கிறது. தொப்பியும் இல்லை, வளைவும் இல்லை. ஐப்பசி முழுக்கப் பெய்த மழை குழாய்க்குள் இறங்கி, டிரிப் லெக்கை நிரப்பி, டிஸ்க் மேலேயே நின்றிருக்கிறது. சில்லர் ஓடும்போது எவாப்பரேட்டர் வேக்கம் அந்த விரிசல் வழியாகக் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது.

டவர்_தண்ணீர்:
ஆக, தண்ணீர் உள்ளே போனது என்று நான் சொன்னது சரி, வழிதான் தப்பு.

பழைய_ஃபிட்டர்:
எனக்குத் தோன்றவே இல்லை தம்பி. டிஸ்க் என்றால் வெடிக்கும் அல்லது முழுசாக இருக்கும் என்றே இருந்துவிட்டேன். அளவுமானி ஐயாவுக்கு ஒரு கும்பிடு. டிஸ்க் எப்படி விரிந்தது என்று தெரிந்ததா?

பிளாண்ட்ரூம்_பையன்:
கார்பன் டிஸ்க். விளிம்பில் பாதி வட்டத்துக்கு ஒரு கோடு. பழைய லாக் புத்தகத்தைப் புரட்டினால், போன வருடம் வேறு ஒரு குழு "நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட் ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது. எத்தனை பிஎஸ்ஐ என்று எழுதவில்லை. அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சந்தேகம்.

கல்ஃப்_ரிட்டர்ன்:
டிஸ்கை மட்டும் மாற்றுவதாக இருந்தால் இயந்திரத்தை 27.8 டிகிரிக்குக் கொண்டு வந்து வெளிக்காற்றோடு சமன் செய்து கழற்றலாம். உங்களுக்கு உள்ளே தண்ணீர் இருப்பதால் ரெஃப்ரிஜரன்ட்டை முழுசாக வெளியே எடுப்பதே (ரெக்கவரி) சரி. இழுக்கும்போது டியூப்களில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் கொதிக்கிற ரெஃப்ரிஜரன்ட் டியூப் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கிக் குழாயைப் பிளந்துவிடும். அப்போதுதான் நிஜமான டியூப் லீக் வரும். திரும்ப நிரப்பும்போதும் முதலில் ஆவியாக விடுங்கள். உள்ளே 33 கிலோபாஸ்கலை (கேஜ் எண் அல்ல, முழு அழுத்தம்) தாண்டும்வரை திரவம் போடக் கூடாது, ஆர்-123-க்கு அதுதான் பூஜ்ய டிகிரிக்கான அழுத்தம்.

(பத்து நாள் கழித்து)

பிளாண்ட்ரூம்_பையன்:
கொஞ்சம் சோர்ந்துபோய் எழுதுகிறேன். புது டிஸ்க் போட்டாயிற்று. ரெஃப்ரிஜரன்ட் வெளியே எடுத்தாயிற்று. வேக்கம் பம்ப் ஒன்றரை நாளாக ஓடுகிறது, 24 எம்எம் பாதரசத்துக்குக் கீழே இறங்க மறுக்கிறது. இன்னொரு லீக் இருக்கிறதா?

அளவுமானி:
அறை வெப்பநிலை என்ன? 25 டிகிரியா?

பிளாண்ட்ரூம்_பையன்:
ஆமாம், 25.

அளவுமானி:
25 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தமே 24 எம்எம். உள்ளே எங்கோ தண்ணீர் தேங்கி நின்று கொதித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் தீரும்வரை கேஜ் அசையாது. டியூப்களில் வெந்நீரை விட்டு ஷெல்லைச் சூடாக்குங்கள், பம்ப் எண்ணெயை அடிக்கடி மாற்றுங்கள்.

1 எம்எம் வந்ததும் பம்பைத் தனிப்படுத்திவிட்டு 12 மணி நேரம் பாருங்கள். 2.5 எம்எம் தாண்டினால் மறுபடி தேட வேண்டும் என்பது அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் வழிகாட்டி சொல்லும் எல்லை. ஆனால் கடைசி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், மணிக்கு ஒருமுறை குறியுங்கள். ஏறிப் போய் ஒரு இடத்தில் படுத்துக்கொண்டால் ஈரம், அல்லது எண்ணெயில் ஊறியிருந்த ரெஃப்ரிஜரன்ட். ஒரே சீராக ஏறிக்கொண்டே இருந்தால் ஓட்டை.

பழைய_ஃபிட்டர்:
இதே பாடம் கம்ப்ரசர் இல்லாமல் சூட்டால் ஓடும் லித்தியம் புரோமைடு அப்சார்ப்ஷன் இயந்திரத்தில் இன்னும் கடுமை. அதில் ஓடும்போதே ஏழு எம்எம்தான். அதில் பர்ஜ் அதிகமானால் காற்று என்று உடனே முடிவு கட்டக் கூடாது, உள்ளே துருப்பிடித்து ஹைட்ரஜன் உண்டாகியும் இருக்கலாம். அது வேறு கதை, இன்னொரு நாள்.

(ஐந்து நாள் கழித்து)

பிளாண்ட்ரூம்_பையன்:
1 எம்எம் வந்தது. 12 மணி நேரத்தில் 1.4. முதல் மூன்று மணி நேரத்தில் 0.3 ஏறி, அப்புறம் கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டது. ரெஃப்ரிஜரன்ட்டைச் சுத்திகரித்துத் திரும்பப் போட்டோம், குறைந்ததற்கு ஒரு டிரம்மில் பாதி சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு வாரமாகப் பர்ஜ் நாளைக்கு ஆறு நிமிடம். 36 டிகிரியில் கேஜ் 34.

கல்ஃப்_ரிட்டர்ன்:
அருமை. டிஸ்குக்கு அடுத்து ஸ்பிரிங் ரிலீஃப் வால்வு ஒன்று போட முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். நாளைக்கு டிஸ்க் போனாலும் அழுத்தம் இறங்கியதும் வால்வு மூடிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேஜ் வைத்தால் விரிசல் விழுந்த அன்றே தெரியும். ஆர்-123 உற்பத்தி குறைந்துகொண்டே போகிறது, மொன்ட்ரியல் ஒப்பந்தப்படி நம் நாட்டுக்கும் 2030-க்குப் பிறகு சர்வீஸுக்கான சொற்ப அளவுதான். உள்ளே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் மலிவு.

டவர்_தண்ணீர்:
டிரிப் லெக்கில் வால்வு போட்டீர்களா? மாடியில் தொப்பி?

பிளாண்ட்ரூம்_பையன்:
கீழே பால் வால்வு போட்டாயிற்று. மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று லாக் புத்தகத்தில் ஒரு பத்தியே சேர்த்துவிட்டேன். நேற்று திறந்தேன், அரை டம்ளர் தண்ணீர் வந்தது. மாடித் தொப்பி மெக்கானிக்கல் வேலையா சிவில் வேலையா என்று இரண்டு துறைக்கும் இன்னும் பேச்சு நடக்கிறது. அதுவரை ஒரு எல்போவைக் கவிழ்த்து வைத்துக் கம்பியால் கட்டியிருக்கிறேன்.